ஓடையில் தொடங்குங்கள்!

கேள்வி: அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் உள்ள ஓசேஜ் கவுன்ட்டியின் பழைய தலப்படம் (நிலத்தின் மேடுபள்ளம், ஓடை, பாதை எல்லாம் காட்டும் வரைபடம்) ஒன்று கிடைத்தது. விட்டுவிட்டுப் போகும் நீலக் கோடுகள், குட்டி வட்டங்கள், அங்கங்கே ஊதா நிறம். எப்படிப் படிப்பது?

பதில்: முதலில் ஓடைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாக விளங்கும். முழு நீலக் கோடு என்றால் பொதுவாக வற்றாத ஓடை. கோடும் புள்ளியுமாக விட்டுவிட்டுப் போனால் சில காலம் மட்டும் ஓடுவது. பழுப்பு நிறச் சமஉயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைப்பவை) ஓடையைக் கடக்கும்போது கூராக வளைகின்றன அல்லவா, அந்தக் கூர்முனை எப்போதும் மேட்டுப் பக்கம்தான் காட்டும், ஆகவே தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று அம்புக்குறி இல்லாமலே சொல்லிவிடலாம்.

சரி, ஓடை வற்றினால் மாடுகளுக்கு? ஓடைக்குக் குறுக்கே சிறு கரை, அதன் மேல்பக்கம் ஒட்டினாற்போல ஒரு நீலத் துண்டு தெரிகிறதா பாருங்கள், அது பெரும்பாலும் பண்ணைக்காரர் கட்டிய குட்டை. அதே குட்டை ஊதாவில் இருந்தால் முதல் பதிப்புக்குப் பிறகு வந்தது. விமானப் படங்களைப் பார்த்துப் பின்னர் சேர்த்தவற்றைத்தான் அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம் ஊதாவில் அச்சிட்டது.

வட்டங்கள் எண்ணெய்க் கிணறுகள். ஊரும் இல்லை, வீடும் இல்லை, புல்வெளி நடுவே ஒரு மண்பாதை போய்ச் சட்டென்று நின்றுவிடுகிறது என்றால் அதன் முனையில் ஒரு வட்டத்தைத் தேடுங்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு, அதை எந்தத் தலப்படமும் காட்டாது: மேலே மாடு மேய்கிற நிலம் ஒருவருடையது, அடியில் உள்ள எண்ணெயோ 1906-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓசேஜ் பழங்குடியினருக்குப் பொதுவானது. அந்தப் பாதைகள் பண்ணைக்குள் புகுந்து போவதன் பின்னணி இதுதான்.

சிவப்புக் கட்டங்கள் நில அளவைப் பிரிவுகள், ஒன்று ஏறக்குறைய ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர்.

புதிய பதிப்பு வாங்கலாமா என்று யோசிக்காதீர்கள். 2009-இலிருந்து வருபவை கணினித் தரவுகளிலிருந்து தயாராகின்றன, பழையவற்றில் இருந்த இதுபோன்ற சின்னச்சின்ன விவரங்கள் பல அவற்றில் இல்லை. பழைய பதிப்புகளை அந்த மையத்தின் டோபோவியூ தளத்தில் இலவசமாகவே இறக்கலாம். அப்புறம், இந்த மேப்பை நம்பி நேரில் கிணறு பார்க்கக் கிளம்ப வேண்டாம். பல கிணறுகள் மூடப்பட்டிருக்கலாம், நிலமும் பெரும்பாலும் தனியாருடையது.