நகையை அடகு வைக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த சனிக்கிழமை நீங்களும் உங்கள் துணைவியாரும் மகளை அழைத்துக்கொண்டு வந்தபோது, உங்கள் கவலையைத் தணிப்பதிலேயே நேரம் போய்விட்டது. மைத்துனர் சொல்லும் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு ₹3.5 லட்சம் கட்ட நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்பதே என் பதில். நீங்கள் கொடுத்துச் சென்ற கையேட்டை முழுவதும் படித்தேன். அத்துறைக்கு அடித்தளமான புள்ளியியலுக்கு அதில் இரண்டே வாரங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். "வேலை தேட உதவி" என்று அச்சிட்டிருக்கிறார்களே தவிர, வேலை உறுதி என்று எங்கும் எழுதவில்லை. அந்தத் துறையைக் குறை சொல்லவில்லை. அந்தக் கட்டணத்தையும், அவளைக் கேட்காமலே எடுக்கப்பட்ட அந்த முடிவையும்தான் எதிர்க்கிறேன்.

அரை மணி நேரம் தலை குனிந்திருந்த பெண், கடைக் கணக்கை யார் பார்க்கிறார்கள் என்று நான் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பெயின்ட் வாங்கியவருக்கு ₹1,840 வங்கியில் கழிந்துவிட்டது, கடைக்கு வரவில்லை; அந்தப் பணம் இடையில் எங்கே இருந்தது என்று இன்றும் தனக்குப் புரியவில்லை என்றாள். ஐயா, அந்தக் கேள்விக்கு விடை தேடுவதையே தொழிலாகக் கொண்ட பொறியாளர்கள் இருக்கிறார்கள். பல கணினிகளுக்கு இடையே நடக்கும் பரிவர்த்தனை பிசகாமல் காக்கும் இத்துறையை (distributed transactions) நம் ஊர்களில் யாரும் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வதில்லை.

கணக்குகளைச் சேமித்து வைக்கும் ஒரே தரவுத்தளத்துக்குள் பற்றும் வரவும் நடந்தால், இரண்டும் சேர்ந்து நிறைவேறும்படியோ இரண்டும் சேர்ந்து ரத்தாகும்படியோ செய்வது எளிது. ஆனால் வாங்குபவரின் வங்கி, இடையிலுள்ள யுபிஐ அமைப்பு, கடையின் வங்கி என ஒவ்வொன்றும் தனித்தனி நிறுவனத்தின் சேவை. எல்லோரையும் தயாரா என்று கேட்டு, அதுவரை கணக்குகளைப் பூட்டிவைத்து, பிறகு ஒரே முடிவாக உறுதி செய்யும் இருகட்ட முறையை கணினி அறிஞர் ஜிம் கிரே 1978-லேயே விவரித்திருக்கிறார். எவனோ ஒருவனுடைய சர்வர் பதில் சொல்லும்வரை தன் வாடிக்கையாளரின் கணக்கைப் பூட்டிவைக்க எந்த வங்கியும் இணங்காது என்பதால், அந்த முறை இங்கே எடுபடாது.

அதற்கு மாற்றாகப் பயன்படுவது, 1987-ல் கணினி அறிஞர்களான ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சேலமும் முன்வைத்த சாகா என்னும் முறை. நீண்ட நேரம் ஓடும் பரிவர்த்தனைகளுக்காக அவர்கள் எழுதியது இன்று இணையச் சேவைகளுக்குக் கைகொடுக்கிறது. ஒவ்வொரு படியும் தனித்தனியே முடிவடையும். நடுவில் ஒன்று தவறினால், முடிந்த படிகளுக்கு ஈடுசெய்யும் செயல்கள் பின்னிருந்து முன்னாக நடத்தப்படும். பேரேட்டில் தவறு நேர்ந்தால் நீங்கள் வரியை அழிப்பதில்லை, எதிர்ப்பதிவு போடுகிறீர்கள் அல்லவா, அதேதான் இது. உங்கள் மகளுக்கு நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள், "எதிர்ப்பதிவும் பாதியில் நின்றுவிட்டால்?" என்று கேட்டாள். இத்துறையின் மிகக் கடினமான கேள்வியே அதுதான். பதில் வராதது தோல்வி என்று பொருளாகாது. மறுபடி அனுப்பினால் பணம் இருமுறை கழியக்கூடும். ஆகவே ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் கொடுத்து, அதே எண் மீண்டும் வந்தால் வேலையைத் திரும்பச் செய்யாமல் பழைய பதிலையே தரும்படி எழுதுகிறார்கள். அதையும் மீறித் தப்பியவற்றை இரு தரப்புப் பதிவுகளையும் ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கிறார்கள். கடையில் இத்தகைய யுபிஐ பணம் சிக்கினால் 5 நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு ₹100 ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்திருக்கிறது. அதனால் இந்த வேலையை எந்த நிறுவனமும் ஏனோதானோவென்று விட்டுவிட முடியாது.

இதைக் கற்க அவளிடம் இருக்கும் மடிக்கணினியே போதும். ஜாவா என்னும் நிரல்மொழியும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் இலவசம். ஐஐடி போன்ற நிறுவனங்கள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம், தேர்வுக்கு மட்டும் பணம் கட்ட வேண்டியிருக்கும். சரக்கு, பணம், அனுப்புதல் என தனித்தனியே ஓடும் மூன்று சிறு சேவைகளை, அதாவது நிரல்களை, அவளே எழுதட்டும். பணம் கழிந்த மறுநொடியில் மூன்றாவதை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, கணக்கு நேராகிறதா என்று பார்க்கட்டும். நேர்காணலில் சான்றிதழைக் காட்டுவதைவிட இதை ஓட்டிக் காட்டுவது மேல். முதல் வேலை மென்பொருள் சோதனையிலோ வாடிக்கையாளர் ஆதரவிலோ குறைந்த சம்பளத்தில் அமையலாம்; அதை இப்போதே ஏற்றுக்கொள்ளுங்கள். கடன் இல்லாத வீட்டுப் பிள்ளையால் அந்தச் சம்பளத்தில் பொறுமையாகக் கற்றுக்கொள்ள முடியும். மாதாமாதம் வட்டி கட்ட வேண்டிய பிள்ளையால் முடியாது.

மைத்துனரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். அவர் நேரில் வந்து பேசினால், அருகில் மகளும் உட்காரட்டும். பதிலை அவளே சொல்லட்டும். அந்த மூன்று சேவைகளும் ஓடத் தொடங்கியதும் அவளை என்னிடம் அனுப்பிவையுங்கள். எதை நடுவில் நிறுத்துவது என்பதை அன்று நான் தேர்ந்தெடுக்கிறேன்.