குளோரின் ஏன் முந்துகிறது?

ஐயா,
என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். ஃப்ளூரின், குளோரின், புரோமின், அயோடின் என்ற ஹாலஜன்களில் எலக்ட்ரானை ஏற்கும்போது அதிக ஆற்றலை வெளியிடுவது எது என்ற கேள்விக்கு ஃப்ளூரின் என்று எழுதிவிட்டாள். நான் சொல்லிக்கொடுத்ததுதான். குளோரின்தான் சரியாம். ஏன் என்று கேட்டால், "அது விதிவிலக்கு, மனப்பாடம் பண்ணிக்கோ" என்றார்களாம். தமிழ்வழியில் படிப்பதால்தான் இந்தக் குழப்பமா? கோவையில் டியூஷன் சேர்க்கலாமா?
ஒரு வாசகர், குன்னூர்

அன்புள்ள நண்பருக்கு,

டியூஷன் வேண்டாம். தினமும் மலையிறங்கி ஏறியே பிள்ளை சோர்ந்துவிடுவாள். தமிழ்வழியின் மேல் பழி போடுவதையும் விடுங்கள்.

அந்த "விதிவிலக்கு" இருக்கிறதே, அதுதான் எனக்கு ஆகாது. ஃப்ளூரின் மிகச் சிறிய அணு. அதன் இரண்டாம் கூட்டில் ஏழு எலக்ட்ரான்கள் ஏற்கெனவே நெருக்கியடித்துக் கிடக்கின்றன. புதிதாக வருவதைக் கரு இழுக்கிறது, இருப்பவை தள்ளுகின்றன. குளோரினின் மூன்றாம் கூட்டில் இடம் தாராளம். அதனால் வெளிவரும் ஆற்றல் மோலுக்கு ஃப்ளூரினில் 328 கிலோஜூல், குளோரினில் 349. பிறகு புரோமின் 325, அயோடின் 295 என்று ஒழுங்காக இறங்குகிறது. தனிம அட்டவணையில் பக்கத்துத் தொகுதியைப் பாருங்கள்: ஆக்சிஜன் 141, அதற்குக் கீழே சல்ஃபர் 200. அங்கேயும் முதல் ஆள் பின்தங்குகிறார், காரணமும் அதே நெரிசல்தான். அடுத்த வீட்டிலும் அதே காரணத்தால் நடப்பதை விதிவிலக்கு என்று சொல்லிக் குழந்தையின் வாயை அடைப்பது என்ன நியாயம்? நீங்களும் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா வந்திருக்கிறீர்கள்!

உங்கள் கடிதம் வந்தபோது பழைய நெகட்டிவ்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். என் சித்தப்பா ஊட்டி இந்து நகரில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸில் வேலை பார்த்தவர். பகல் ஷிப்டுக்குப் போனாலும் இருட்டில்தான் வேலை என்று சிரிப்பார். ஃபிலிமில் பூசுவது வெள்ளி புரோமைடு. ஒளி பட்டதும் புரோமைடு தன் எலக்ட்ரானை விடுகிறது. வெள்ளி அயனி அதை வாங்கிக்கொண்டு வெள்ளியாகிறது. நம் கல்யாண போட்டோக்கள் எல்லாம் அந்தக் கைமாற்றல்தான். வெள்ளி ஃப்ளூரைடில் ஏன் பூசவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "அது தண்ணியில கரைஞ்சு போயிடும்டா" என்றார். அவர் கெமிஸ்ட்ரி படித்தவரில்லை.

சரி, மகளிடம் இதைக் கேளுங்கள்: எலக்ட்ரானை வாங்குவதில் குளோரின் முந்துகிறது என்றால், ஃப்ளூரின் எப்படி அதைவிட வலிய ஆக்சிஜனேற்றி, அதாவது மற்றவற்றிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும் பொருள், ஆனது? ஃப்ளூரின் மூலக்கூறின் பிணைப்பை முறிக்க 158 கிலோஜூல், குளோரினுக்கு 242 என்று மட்டும் சொல்லுங்கள். ஃப்ளூரைடு அயனியைத் தண்ணீர் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பதை அவளே தேடட்டும். விடையை மட்டும் தயவுசெய்து நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள்.