சீனாவுல டீச்சரா இருந்துக்கிட்டே சீன மொழி கத்துக்கலாமா? கேளுங்க, சொல்றேன்

சிச்சுவான் மாகாணத்துல இருக்கிற செங்டுல ஒரு ஸ்கூல்ல இங்கிலீஷ் மீடியத்துல மேத்ஸ் எடுக்குறேன். மொழி பத்தி என்ன வேணாலும் கேளுங்க.

கே: அக்கா, அங்க போய் இருந்தாலே சைனீஸ் தானா வந்துடும்ல?

ப: வராதுப்பா. உன்ன வேலைக்கு எடுக்குறதே இங்கிலீஷ்ல பேசத்தான். கிளாஸ்ல இங்கிலீஷ், ஸ்டாஃப் ரூம்லயும் சீன டீச்சர்ஸ் அவங்க இங்கிலீஷ வளர்த்துக்க உன்கிட்டதான் வருவாங்க, பேங்க் அக்கவுன்ட், விசா எல்லாத்துக்கும் ஸ்கூல் ஆளே கூட வந்து பேசி முடிச்சிடுவாங்க, இப்படியே வருஷக்கணக்கா இருந்துட்டு காய் வாங்கக்கூட ட்ரான்ஸ்லேட் ஆப்ப நீட்டுறவங்க நிறைய பேர். மொழி ஸ்கூல் கேட்டுக்கு வெளியதான் இருக்கு. செக்யூரிட்டி தாத்தா, நூடுல்ஸ் கடை அம்மா, பழக்கடைக்காரர். தினமும் அதே கடைக்கு போ, நேத்து கேட்டத விட ஒரு வார்த்தை கூட கேளு.

கே: டோன் சுத்தமா பிடிபடல மேடம்.

ப: டோன்னா வார்த்தைய சொல்லும்போது குரல் ஏறி இறங்குற விதம், அது மாறினா அர்த்தமே மாறிடும். டோன் நாலு, அது போக லேசா விடுற ஒண்ணு. தனித்தனியா பழகாதீங்க, ஜோடியா பழகுங்க, ஏன்னா பக்கத்துல வர்றத பொறுத்து மாறும். மூணாவது டோன் ரெண்டு சேர்ந்து வந்தா முதல்ல இருக்கிறது ரெண்டாவது டோனாயிடும், ஹலோன்னு சொல்ற 'நி ஹாவ்'லயே அது இருக்கு. ஆனா நம்மாளுங்களுக்கு டோன விட பெரிய சிக்கல் மூச்சு. பின்யின்ல, அதாவது சீன உச்சரிப்ப இங்கிலீஷ் எழுத்துல எழுதுற முறையில, பஸ்ஸுக்கு போடுற எழுத்து நம்ம 'பழம்' ப மாதிரி, காத்தே வராது. பென்னுக்கு போடுற எழுத்துக்கு காத்து அடிக்கணும், வாய்க்கு முன்னாடி டிஷ்யூ பிடிச்சா அது ஆடணும். தமிழ்ல இந்த வித்தியாசமே கிடையாது, அதான் ஆரம்பத்துல ரெண்டும் நம்ம காதுக்கு ஒண்ணாவே கேட்கும். இத முதல் மாசமே சரி பண்ணிடுங்க, ப்ளீஸ்.

கே: எழுத்தெல்லாம் கையால எழுதணுமா?

ப: முதல் நூறு இருநூறு எழுதுங்க, எழுத்துக்குள்ள இருக்கிற பாகங்கள் கண்ணுக்கு பழகும். அப்புறம் போன்ல பின்யின் அடிச்சு சரியான எழுத்த எடுக்க தெரிஞ்சா போதும். டிக்ஷனரிக்கு ப்ளெகோ ஆப்.

கே: கிளாஸ்ல பசங்ககிட்டயே பேசி பழகலாமா?

ப: வேணாம், அது அவங்க நேரம். பிரேக்ல பேசுங்க, சின்னப் பசங்க கூச்சமே இல்லாம திருத்துவாங்க.

கே: ஹெச்எஸ்கேன்னு அந்த சீன மொழி பரீட்சை எழுதணுமா?

ப: டீச்சர் வேலைக்கு என்கிட்ட யாரும் கேட்டதில்ல. பழைய 6 லெவல் கணக்குல மூணாவதுக்கு 600 வார்த்தை, நாலாவதுக்கு 1200, 2021ல வந்த புது ஸ்டாண்டர்ட்ல 9 லெவல். பரீட்சை தேதி இருந்தாதான் படிப்பேன்னா ஃபீஸ் கட்டி எழுதுங்க.

கே: சிச்சுவான் பேச்சு வேறயாமே, பெய்ஜிங் போயிடட்டுமா?

ப: பெய்ஜிங்லயும் நாக்க சுருட்டுற ஊர் பேச்சு உண்டு. இங்க நிறைய பேருக்கு 'ஷ' 'ஸ' ஆயிடும், 'ந'வும் 'ல'வும் கலந்துடும், டோனும் வேற. ஆனா நீங்க மாண்டரின்ல, அதாவது நாடு முழுக்க பொதுவான சீன மொழியில, பேசினா புரிஞ்சுக்குவாங்க. சீன டீச்சர்ஸ் மாண்டரின் உச்சரிப்பு பரீட்சை பாஸ் பண்ணவங்க, அதனால அவங்கள்ல ஒருத்தர்கிட்ட பேசி வச்சுக்கோங்க, அரை மணி நேரம் இங்கிலீஷ், அரை மணி நேரம் சைனீஸ், கடையில கேட்டு புரியாதத அங்க கொண்டு போய் கேளுங்க.