குடியிருப்புக்குள் கயோட்டி வருகிறது, குழந்தையும் நாயும் இருக்கிற வீட்டில் என்ன செய்வது?

தெற்கு கலிஃபோர்னியாவில் இர்வைனுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்கள். பின்கட்டில் கயோட்டியைப் (ஓநாய்க்கு உறவான, நாய் போன்ற வட அமெரிக்கக் காட்டு விலங்கு) பார்த்திருக்கிறீர்கள். வீட்டில் மூன்று வயதுக் குழந்தை, சின்ன நாய், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா. பயப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே பகுதியில் நாயோடு இருக்கிறவன் என்பதால் எழுதுகிறேன்.

பெரியவர்களுக்கு ஆபத்து மிகக் குறைவு. கயோட்டி தாக்கி மனிதர் இறந்ததாக வட அமெரிக்காவில் நன்கு பதிவானவை இரண்டுதான். 1981-ல் லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய க்ளெண்டேலில் மூன்று வயதுக் குழந்தை, 2009-ல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 19 வயதுப் பெண். இந்தப் பக்கத்துக் கயோட்டி பெரும்பாலும் 10 முதல் 15 கிலோதான் இருக்கும். ஆனால் உங்கள் நாய்க்கு அந்த எடையே அதிகம். குழந்தையையும் நாயையும் பின்கட்டில் தனியாக விடாதீர்கள், ஐந்து நிமிடம் கூட.

அது ஏன் வருகிறது என்று பாருங்கள். எங்கள் நடைபாதையில் கிடக்கும் அதன் எச்சத்தில் முயல் முடியும் பழக்கொட்டையும் அப்படியே தெரியும். சிகாகோவைச் சுற்றியுள்ள குக் கவுண்டியில் 2000-லிருந்து கயோட்டிகளுக்கு ரேடியோ காலர் (இருக்கும் இடத்தைக் காட்டும் கழுத்துப்பட்டை) மாட்டி ஆராய்கிறார்கள். அங்கேயும் எலி வகைகள், பழம், முயல், மான்தான் முக்கிய உணவு. வீட்டுப் பூனை வெகு குறைவு. ஆக, மரத்தடியில் விழுந்த அத்திப்பழம், வெளியே வைத்த நாய்ச் சாப்பாடு, முந்தின இரவே தெருவில் வைத்த குப்பைத்தொட்டி, இதெல்லாம் அதற்கு விருந்து. அம்மா காக்காய்க்குச் சோறு வைக்கிறார் என்றால் அதையும் பக்குவமாகச் சொல்லி நிறுத்துங்கள். சோற்றுக்கு எலியும் அணிலும் வரும், அவற்றுக்குப் பின்னால் இது வரும். மனிதர் இருக்கும் இடத்தில் சாப்பாடு கிடைக்கும் என்று பழகிய கயோட்டிதான் நாளைக்கு யாரையாவது கடிக்கிறது. அதனால்தான் பாவம் பார்த்து யாராவது சாப்பாடு போட்டால் எனக்குக் கோபம் வரும். கலிஃபோர்னியாவில் அது சட்டப்படியும் குற்றம்.

சரி, எதிரே வந்துவிட்டால்? நம் ஊரில் தெருநாய் வந்தால் குனிந்து கல்லெடுப்போம். இங்கே குனிய வேண்டாம், ஓடவும் வேண்டாம். குழந்தையையும் நாயையும் தூக்கிக்கொண்டு, நிமிர்ந்து நின்று, கையை வீசி, அடித்தொண்டையில் கத்துங்கள். தமிழில் கத்தினாலும் போதும். பெரும்பாலும் பத்தடி ஓடி, நின்று, திரும்பிப் பார்க்கும். அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். அது கண்ணுக்கு மறையும் வரை கத்த வேண்டும், இல்லாவிட்டால் இவர்கள் இவ்வளவுதான் என்று அது புரிந்துகொள்ளும். நான் காலையில் கிளம்பும்போது குலுக்கிச் சத்தம் எழுப்ப, சில்லறை போட்ட சோடா டின் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வேன். அப்பா நடக்கப் போகும்போது கழுத்தில் ஒரு விசில் மாட்டிவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஏப்ரல், மே வாக்கில் குட்டி போடும். அதற்கப்புறம் கோடை வரை, குட்டிகள் இருக்கும் குழி பக்கம் போனால் தாயோ தகப்பனோ கொஞ்ச தூரம் பின்னாலேயே வரும். வேட்டையாட இல்லை, உங்களை அங்கிருந்து அனுப்பத்தான். அப்போது துரத்தாதீர்கள், முதுகைக் காட்டாமல் மெதுவாகப் பின்வாங்கி, சில வாரம் வேறு பாதையில் நடங்கள். நாய்க்கு ஆறடிக் கயிறு போதும்; இழுக்க இழுக்க நீளும் கயிறு இங்கே ஆகாது.

பகலில் பார்த்தாலே வெறிநோய் என்று பதற வேண்டாம், பகலிலும் அது இரை தேடும். வேலி ஆறடியாவது இருக்கட்டும். அதையும் ஏறித் தாண்டும் என்பதால், மேல்விளிம்பில் உருளும் குழாய் பொருத்தினால் கால் பிடிக்க முடியாமல் வழுக்கிவிடும்.

பிடித்துக்கொண்டுபோய்க் காட்டில் விடச் சொல்லிக் குடியிருப்போர் அசோசியேஷனில் பேசுவார்கள். இந்த மாநிலத்தில் அதற்குச் சட்டம் இடம் தரவில்லை. கொன்றாலும் காலியான இடத்துக்கு வேறொன்று வந்துவிடும்.

நாயோடு நடந்து போகும் ஒருவரை அது நெருங்கி வந்தாலோ, கத்தியும் நகராமல் நின்றாலோ நகரத்தின் விலங்குக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குச் சொல்லுங்கள். மனிதரைக் கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே மருத்துவரைப் பார்த்து வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். நாயைக் கடித்தால், அதன் தடுப்பூசி அட்டையோடு உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.