பெட்டி பேப்பர் இருக்கட்டும், பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள்

கேள்வி: மார்த்தாண்டத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். ஒரு நல்ல டைவ் வாட்ச் வாங்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. செகண்ட் ஹேண்ட்தான். 3 லட்சம் வரை செலவழிக்கலாம். மாமாவின் கூட்டாளி ஒருவர் துபாயிலிருந்து ஊருக்கே திரும்பிவிட்டார். 1990-களில் வாங்கிய நீல டயல் ஒமேகா சீமாஸ்டர் 300 மீட்டர் வைத்திருக்கிறார். பெட்டி, பேப்பர் எதுவும் இல்லை. 1,60,000 கேட்கிறார். அதே மாடல் கொச்சியில் ஒரு கடையில் பெட்டி, கார்டு எல்லாம் சேர்த்து 2,40,000. எதை எடுக்கலாம்? கட்டிக்கொண்டு திற்பரப்பு அருவியில் குளிக்கலாமா? இந்தப் பணத்துக்கு ரோலக்ஸ் சப்மரைனர் கிடைக்காதா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். கிடைக்காது. உண்மையான சப்மரைனர், பழையதானாலும், உங்கள் தொகைக்கு வெகு தூரம் மேலே நிற்கிறது. 3 லட்சத்துக்கு ஒருவர் நீட்டினால் அது டூப்ளிகேட்டாக இருக்கும், இல்லையென்றால் திருட்டு வாட்ச். இப்போது வரும் டூப்ளிகேட்டுகளில் உள்ளே இருக்கும் மிஷினைக்கூட அச்சு அசலாகச் செய்துவிடுகிறார்கள். முதல் வாட்சிலேயே அந்தப் பரீட்சை வேண்டாம். ரோலக்ஸின் தங்கைக் கம்பெனியான டியூடரின் பிளாக் பே 58 என்று 2018-இல் வந்த ஒன்று உண்டு. 39 மில்லிமீட்டர் அகலம், 200 மீட்டர் ஆழம் வரை தாங்கும். ஒல்லியான மணிக்கட்டுக்கு எடுப்பாக இருக்கும். செகண்ட் ஹேண்டில் உங்கள் பணத்துக்குள் அமைந்தால் அதையும் ஒருமுறை கையில் கட்டிப் பாருங்கள்.

சரி, சீமாஸ்டருக்கு வருவோம். 1993-இல் வந்த மாடல் அது. 1995-இல் ஜேம்ஸ் பாண்ட் கையில் ஏறியதும் உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. கல்ஃபுக்குப் போன நம்மூர் ஆட்களில் பலர் முதல் பெரிய சம்பளத்தில் வாங்கியது இந்த வாட்சைத்தான். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஏறக்குறைய இதே தோற்றத்தில் பேட்டரியில் ஓடுவதும் உண்டு, கையசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக்கும் உண்டு. வினாடி முள்ளைக் கவனியுங்கள். வினாடிக்கு ஒருமுறை துள்ளினால் பேட்டரி. ஆட்டோமேட்டிக்கில் முள் வினாடிக்கு எட்டு தட்டு நகர்வதால் வழுக்கிக்கொண்டு போவதுபோலத் தெரியும். பேட்டரி வாட்ச் மட்டம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதன் சந்தை விலை குறைவு. ஆட்டோமேட்டிக் விலையைக் கொடுத்துவிட்டு வந்து நிற்காதீர்கள்.

பெட்டி பேப்பர் விஷயத்தில் எனக்குப் பட்ட அடி ஒன்றைச் சொல்கிறேன். வாட்ச் ரிப்பேர் தொழிலுக்கு வந்து பத்து வருடம் ஆனபின், எல்லாம் தெரியும் என்ற திமிரில், வெளியூர் வியாபாரி ஒருவரிடம் எனக்கென்று ஒரு டைவ் வாட்ச் வாங்கினேன். பெட்டி, கார்டு, பளபளப்பு எல்லாம் பக்கா. திறந்து பார்க்கவில்லை. ஜூன் மாத மழையில் இரண்டு நாள் நனைந்ததும் கண்ணாடியின் உள்பக்கம் பனி படர்ந்தது. அப்புறம்தான் திறந்தேன். பின்மூடியின் ரப்பர் வளையம் உருகிய தார் மாதிரி கையில் ஒட்டியது. சாவித் தண்டு, அதாவது பக்கத்தில் திருகும் குமிழின் தண்டு, முழுக்கத் துரு. கார்டில் இருந்த தேதி, எண் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அந்தக் கார்டு மழையைத் தடுக்கவில்லை.

அதனால் இரண்டு வாட்சில் எதுவானாலும், பணம் கைமாறும் முன் ஒரு மெக்கானிக் பின்மூடியைத் திறக்க வேண்டும். கூடவே உட்கார்ந்து நீங்களும் பாருங்கள். முதலில் ரப்பர் வளையம்: வளைந்து கொடுக்க வேண்டும். விறைத்து நொறுங்கினாலும் பிசுபிசுத்தாலும் பல வருடங்களாக யாரும் மாற்றவில்லை என்று அர்த்தம். அடுத்து, சாவித் தண்டு மிஷினுக்குள் நுழையும் இடத்தை லென்ஸில் பாருங்கள். தண்ணீர் முதலில் கடிக்கும் இடம் அது. செம்பழுப்பாக ஒரு புள்ளி இருந்தாலும் விலை இறங்கியாக வேண்டும். ஸ்க்ரூ தலைகளில் கீறல்கள் இருந்தால் கைப்பழக்கம் இல்லாத யாரோ உள்ளே புகுந்திருக்கிறார். கேஸின், அதாவது வாட்சின் உலோகக் கூட்டின், செயின் மாட்டும் காலுக்கு அடியில் பொடியாக ஒரு எண் வெட்டியிருக்கும். மிஷினிலும் எண் இருந்தால் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கொச்சிக் கடையின் கார்டிலும் அதே எண் வர வேண்டும்.

மூடும் முன் டைமிங் மெஷினில் வைக்கச் சொல்லுங்கள். முழுச் சாவி கொடுத்து, டயல் மேலே பார்க்க வைத்தால் ஆம்ப்ளிட்யூட், அதாவது உள்ளே ஆடும் சக்கரத்தின் வீச்சு, 270 டிகிரிக்கு மேல் வருவது நல்லது. 220-க்குக் கீழே போனால் எண்ணெய் காய்ந்துவிட்டது. சர்வீஸ் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். இந்த ஆட்டோமேட்டிக் குரோனோமீட்டர் சான்று, அதாவது நேரத் துல்லியத்துக்கான சான்று, பெற்றது. புதிதாக இருந்தபோது ஒரு நாளைக்கு 4 வினாடி பிந்தலாம், 6 வினாடி முந்தலாம். இந்த வயதில் பத்து வினாடி வந்தால் நான் முகம் சுளிக்க மாட்டேன். திடீரென்று நிமிடக் கணக்கில் முந்தினால் பயப்படாதீர்கள், பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தாலே ஏறும். இறக்குவது ஒரு நிமிட வேலை.

டயலின் அடிவிளிம்பில் ஸ்விஸ் மேட் என்ற எழுத்துக்கு இருபுறமும் ஆங்கில 'டி' இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இருட்டில் ஒளிர டிரிட்டியம் பூசிய பழைய டயல். அதன் கதிரியக்கம் 12 வருடத்துக்குக் கொஞ்சம் கூடுதலான காலத்தில் பாதியாகிவிடும். இன்றைக்கு அது ஏறக்குறைய செத்த விளக்கு. அந்த டயல் பளிச்சென்று பச்சையாக ஒளிர்ந்தால் யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள், இல்லை முள்ளை மாற்றியிருக்கிறார்கள். 'டி' இல்லாத பிந்தைய டயலில் இருப்பது சூப்பர் லூமினோவா, வெளிச்சத்தை வாங்கி ஒளிரும் கதிரியக்கமில்லாத பூச்சு. டார்ச் காட்டினால் நன்றாக ஒளிர வேண்டும்.

பளபளப்பைக் கண்டு மயங்காதீர்கள். இந்த மாடலின் கால்கள் முறுக்கிய வாக்கில், விளிம்பு கூர்மையாக இருக்கும். நாலு தடவை பாலிஷ் போட்டால் கரைந்த சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும். போன உலோகம் திரும்பாது. எனக்குக் கீறல் விழுந்த வாட்சே பிடிக்கும். செயினைக் கிடைமட்டமாகப் பிடித்து எவ்வளவு தொங்குகிறது என்றும், உங்கள் கைக்குப் போதுமான கண்ணிகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒரிஜினல் கண்ணி தனியாக வாங்கப் போனால் விலை கண்ணைக் கட்டும். பெசல், அதாவது முங்கிய நேரத்தைக் கணக்கிட டயலைச் சுற்றியிருக்கும் வளையம், இடப்பக்கம் மட்டுமே சுழல வேண்டும். நீருக்குள் தெரியாமல் தட்டிவிட்டாலும் கழிந்த நேரம் கூடுதலாகத்தான் காட்டும், முங்கியவன் சீக்கிரம் மேலே வந்துவிடுவான். அதற்குத்தான் அந்த ஏற்பாடு.

இனி எதை எடுப்பது? பெட்டி, கார்டுக்கு நாளைக்கு விற்கும்போது மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 80,000 ரூபாய் வித்தியாசத்துக்கு கொச்சிக் கடைக்காரர் வேறு என்ன தருகிறார்? எப்போது சர்வீஸ் செய்தது, ரப்பர் வளையங்களை மாற்றியதா, பிரஷர் டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கிறதா, ஒரு வருட கேரண்டி எழுதித் தருவாரா? எல்லாவற்றுக்கும் காகிதம் கிடைத்தால் அது நியாயமான விலைதான். பணத்தை பேங்க் வழியாகக் கொடுங்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வெறும் பெட்டியும் சிரிப்பும்தான் என்றால் நான் மாமாவின் கூட்டாளி பக்கம். முப்பது வருடம் ஒரே கையில் இருந்த வாட்சுக்கு அந்த ஆளே பேப்பர். எங்கே வாங்கினார், எத்தனை முறை சர்வீஸ் பார்த்தார் என்று சாயா குடித்தபடி கேளுங்கள். எப்போது ஊருக்குக் கொண்டுவந்தார், திருவனந்தபுரம் விமான நிலையத்தில் வரி கட்ட வேண்டி வந்திருந்தால் ரசீது உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். "இன்னார்க்கு இன்ன எண்ணுள்ள வாட்சை விற்றேன்" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். திறந்து பார்த்ததில் மிஷின் சுத்தமாக இருந்து, சர்வீஸ் மட்டும் பாக்கி என்றால், அந்தச் செலவைச் சொல்லி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். மாமா முகத்துக்காகக் கூச்சப்பட வேண்டாம்.

திற்பரப்பு விஷயம். டயலில் 300 மீட்டர் என்று எழுதியிருப்பது கம்பெனியை விட்டு வந்த நாளின் கதை. வாங்கியதும் பின்மூடி, சாவி, பத்து மணிப் பக்கம் இருக்கும் ஹீலியம் வால்வு மூன்றின் ரப்பர்களையும் மாற்றி, பிரஷர் டெஸ்ட் எடுங்கள். ஹீலியம் வால்வு ஆழ்கடலில் நாள்கணக்கில் அழுத்த அறைக்குள் தங்கி வேலை செய்பவர்களுக்கானது. நமக்கு அது தண்ணீர் புக இன்னொரு வாசல், இறுக்கியே வையுங்கள். என் பட்டறையில் கடைசியாக ஒரு சோதனை செய்வேன். வாட்சை 40, 45 டிகிரி சூட்டுத் தட்டில் வைத்து, உடம்பு முழுக்கச் சூடேறியபின் கண்ணாடி மேல் சாதாரணத் தண்ணீர் ஒரு சொட்டு. ஒரு நிமிடம் கழித்துத் துணியால் துடைத்தால், உள்ளே ஈரம் இருந்தால் அந்தச் சொட்டு நின்ற இடத்தில் மட்டும் வட்டமாகப் பனி தெரியும். வீட்டில் தோசைக்கல்லில் முயன்று பார்த்துவிடாதீர்கள்.

இதெல்லாம் தேறினால் குளத்திலும் குளிக்கலாம், தேங்காய்ப்பட்டணம் கடலிலும் இறங்கலாம். இறங்கும் முன் சாவியை முழுக்கத் திருகி மூடியிருக்கிறதா என்று பாருங்கள், நீருக்குள் அதைத் தொடாதீர்கள். கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, செயின் இடுக்கில் பழைய டூத் பிரஷ்ஷால் ஒரு தேய். திற்பரப்பில் மட்டும் நான் கழற்றி வேட்டி மடிப்பில் முடிந்துகொள்வேன். அந்தப் பாறையில் கால் வழுக்கினால் முதலில் தரையில் மோதுவது மணிக்கட்டுதான்.