கண்ணுக்கு எட்டாத ஒளியில் வானம்: கேள்வி பதில்

கேள்வி: ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களில் வரும் நிறமெல்லாம் கணினியில் பூசியதுதானே?

பதில்: பூசியது என்று சொல்ல மாட்டேன். வெப் பெரும்பாலும் அகச்சிவப்பைப் பதிவு செய்கிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது. அதனால் நீண்ட அலைநீளத்துக்குச் சிவப்பு, குறுகியதற்கு நீலம் என்று வரிசை மாறாமல் நிறம் தருகிறார்கள். குரலுக்கு எட்டாத பாட்டைச் சுருதி இறக்கிப் பாடுவது மாதிரிதான். ராகம் மாறாது.

கேள்வி: கண்ணுக்குத் தெரிகிற ஒளியே போதாதா?

பதில்: போதவே போதாது. நம் பால்வீதியின் மையம் சுமார் 26,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. இடையில் அவ்வளவு தூசி. அங்கிருந்து கிளம்பும் சாதாரண ஒளியில் ஏறக்குறைய லட்சம் கோடியில் ஒரு பங்குதான் நம்மிடம் வந்து சேரும். 2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு) அலைநீள அகச்சிவப்பில் பார்த்தால் பத்துப் பதினைந்தில் ஒரு பங்கு வந்துவிடும். அந்த வெளிச்சத்தில்தான் எஸ்2 என்ற விண்மீன் 16 ஆண்டுக்கு ஒருமுறை எதையோ சுற்றிவருவதை ஆண்டுக்கணக்காகக் காத்திருந்து அளந்தார்கள். நடுவில் இருப்பது சூரியனைப்போல் சுமார் 40 லட்சம் மடங்கு நிறை! கருந்துளை என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? இந்த ஆய்வை நடத்திய வானியலாளர்கள் கென்செல், கெஸ் இருவருக்கும் 2020இல் நோபல் கிடைத்தது இதற்காகத்தான்.

கேள்வி: அகச்சிவப்பை நானே பார்க்க வழி உண்டா சார்?

பதில்: உண்டு. டிவி ரிமோட்டின் முனையைச் செல்ஃபி கேமராவுக்கு நேரே பிடித்து பட்டனை அழுத்துங்கள். பெரும்பாலான போன்களில், திரையில் வெளிறிய ஊதாப் புள்ளி ஒன்று மினுக்கும். நேரில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

கேள்வி: எக்ஸ் கதிர் தொலைநோக்கியை உயரமான மலையில் வைத்தால் என்ன?

பதில்: மலை உயரம் பத்தாது, காற்று எல்லாவற்றையும் விழுங்கிவிடும். 1962இல் ராக்கெட்டில் கருவியை அனுப்பித்தான் ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1 என்ற எக்ஸ் கதிர் மூலத்தைக் கண்டுபிடித்தார்கள். அப்புறம், கண்ணாடியும் வேறு மாதிரி. எக்ஸ் கதிர் நேராக விழுந்தால் திரும்பாது. குளத்தில் ஓட்டுச்சில்லைச் சாய்த்து எறிந்தால் தத்திப் போகுமே, அப்படி உரசினாற்போல் விழுந்தால்தான் திரும்பும். அதனால் சந்திரா என்ற எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கியின் கண்ணாடிகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிய பீப்பாய்கள் போல இருக்கும்.

கேள்வி: பகலில் ரேடியோ தொலைநோக்கி வேலை செய்யுமா?

பதில்: தாராளமாக.

கேள்வி: ஒரே பொருளைப் பல அலைநீளங்களில் பார்ப்பதால் என்ன லாபம்?

பதில்: நண்டு நெபுலாவைப் பாருங்கள். 1054இல் வெடித்துத் தெரிந்த விண்மீனின் மிச்சம். சாதாரண ஒளியில் சிக்குப்பிடித்த நூல் மாதிரி வாயு இழைகள். எக்ஸ் கதிரில் அவை மறைந்து, நொடிக்கு 30 முறை சுழலும் நடுப் பல்சரும் (வெடித்த விண்மீனின் சுருங்கிய உட்கரு) அதைச் சுற்றிய வளையங்களும் வெளியே வரும். எக்ஸ் கதிர்ப் படம் அளவிலும் சிறியது. அதை உமிழும் எலக்ட்ரான்கள் ஆற்றலை வேகமாக இழந்துவிடுகின்றன. விளிம்பு வரை போக அவற்றுக்குத் தெம்பு இருப்பதில்லை.