சந்தா கட்டலாமா, கீழே இறங்கி வாங்கலாமா?

கேள்வி: அக்கா, நாங்கள் சிங்கப்பூரில், பொங்கோலில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள், இரண்டு பிள்ளைகள், 64 வயதில் மாமியார். மளிகை பெரும்பாலும் ஒரு செயலி வழியாகத்தான் வருகிறது. 60 வெள்ளிக்கு வாங்கினால் டெலிவரி இலவசம், அதற்குக் குறைந்தால் 5 வெள்ளி. இப்போது மாதம் 8 வெள்ளி சந்தா கட்டினால் 20 வெள்ளிக்கு வாங்கினாலே இலவசம் என்கிறார்கள். மாதம் இரண்டு டெலிவரி எடுத்தாலே போட்ட காசு வந்துவிடும் என்பது என் கணக்கு. "புளோக்குக்குக் கீழேயே கடை இருக்கு, இதுக்கு எதுக்குச் சந்தா?" என்கிறார் கணவர். மாமியாரும் அவர் கட்சி. போன இரண்டு மாத ஆர்டர்களை எழுதி அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.
- பொங்கோல் வாசகி

பதில்: பட்டியலோடு கேட்டதற்கே உங்களுக்கு ஒரு சபாஷ். இந்த மாதிரிக் கேள்வி கேட்கிற பலர் "நிறைய வாங்குவோம் அக்கா" என்று மட்டும் எழுதுவார்கள், நிறைய என்றால் எவ்வளவு என்று நான் ஜோசியமா பார்க்க முடியும்?

சரி, கணக்குக்கு வருவோம். இரண்டு மாதத்தில் 9 ஆர்டர். அதில் 6 ஆர்டர் 60 வெள்ளியைத் தாண்டியவை, அவற்றுக்கு நீங்கள் இப்போதே டெலிவரிக் காசு கொடுப்பதில்லை. மிச்சம் 3. மூன்றுக்கும் 5 வெள்ளி வீதம் 15 வெள்ளி கொடுத்திருக்கிறீர்கள். அதே இரண்டு மாதத்துக்குச் சந்தா 16 வெள்ளி. ஆக, சந்தா இருந்திருந்தால் ஒரு வெள்ளி கூடத்தான் போயிருக்கும். மாதம் இரண்டு டெலிவரி என்ற உங்கள் கணக்கு தப்பில்லை, ஆனால் காசு கொடுத்து எடுத்த டெலிவரியைத்தான் எண்ண வேண்டும், மொத்த டெலிவரியை அல்ல.

ஆனாலும் உங்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் உங்கள் கணவர் இந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடுவார். அந்த 6 பெரிய ஆர்டரில் ஒன்று 61 வெள்ளி 20 காசு. அதன் கடைசி மூன்று வரியைப் பாருங்கள்: இரண்டு டப்பா ஐஸ்கிரீம், துணிக்கு வாசனை ஊற்றுகிற ஒரு பாட்டில். அறுபதைத் தொடுவதற்காக ஏற்றியது அது, இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்! 5 வெள்ளியை மிச்சம் பிடிக்க 17 வெள்ளிச் செலவு. வரம்பு 20 வெள்ளியாக இருந்தால் இப்படி ஏற்ற வேண்டியிருக்காதே என்று நீங்கள் கேட்கலாம்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். போன வருடம் நானே ஒரு சந்தா கட்டிப் பார்த்தேன், எந்தக் கடை என்பது வேண்டாம். அதுவரை மாதம் நான்கு ஆர்டர் போட்டுக்கொண்டிருந்தவள், முதல் மாதத்திலேயே 11 ஆர்டர் போட்டேன். ஒருநாள் ராத்திரி பத்தரைக்கு, காலையில் சட்னிக்குக் கொத்தமல்லி இல்லை என்று ஞாபகம் வந்தது. கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் சேர்ந்தே 3 வெள்ளி வராது. இருபதைத் தொட வேண்டுமே! சீஸ் ஒரு பாக்கெட், முறுக்கு ஒரு பாக்கெட், யாருமே கேட்காத மாம்பழ ஜூஸ், அப்புறம் எதற்கென்று எனக்கே தெரியாமல் ஒரு ஸ்பாஞ்சு. மறுநாள் காலை பை வந்தது, சட்னி வேலை முடிந்து தட்டுகள் கழுவியான பிறகு. வரம்பு இறங்கினால் திணிப்பது நிற்கும் என்று பார்த்தால், மாதம் ஒரு தடவை திணித்தது ஏழெட்டுத் தடவை ஆனது, அவ்வளவுதான்.

இன்னொன்று, எதைச் செயலியில் வாங்குகிறோம் என்பது. ஐந்து கிலோ பொன்னி அரிசி, எண்ணெய், ஒரு பெட்டி பால், சலவைத்தூள், இவற்றையெல்லாம் யாராவது வாசல்வரை தூக்கிவந்து வைத்தால் அது உண்மையான உதவி, அதற்கு 5 வெள்ளி கொடுத்தாலும் தகும். ஆனால் உங்கள் பட்டியலில் வெண்டைக்காய் நான்கு தடவை வருகிறது. வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்காமல் வாங்குகிறவர் நம்மில் யார்? தேக்கா சந்தையில் கடைக்காரர் முறைத்தாலும் நாலு காயை ஒடித்துவிட்டுத்தான் பையை நீட்டுவோம். செயலியில் அது பிளாஸ்டிக் தாள் போர்த்திய தட்டில் வருகிறது, மேல் வரிசை பிஞ்சு, கீழ் வரிசை முற்றல். மீனும் அப்படித்தான். குழம்புக்கு இந்த அளவில் துண்டு போடுங்கள், தலையைத் தனியாக வையுங்கள் என்று செயலியிடம் எங்கே சொல்வது? பொங்கோலிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு வடகிழக்கு ரயில் பாதையில் எங்கும் மாறாமல் வந்துவிடலாம். மாதம் ஒரு ஞாயிறு அதற்கு ஒதுக்கினால் கறிவேப்பிலை, மீன், மசாலா எல்லாம் முடிந்தது.

மாமியார் விஷயத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். ஃபேர்பிரைஸ் கடைகளில் 60 வயதைத் தாண்டியவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை 2 சதவீதம் தள்ளுபடி பல வருடமாக இருக்கிறது. 50 வெள்ளிக்கு வாங்கினால் ஒரு வெள்ளி, பெரிய காசில்லைதான். ஆனால் அவர் கடைக்குப் போவது அந்த ஒரு வெள்ளிக்காக மட்டும் என்று நினைக்கிறீர்களா? பக்கத்து புளோக் அம்மாவோடு நின்று பேசுவது அங்கேதான். சந்தா வந்ததும் "நீங்க ஏன் அத்தை வீணா அலையிறீங்க" என்று நல்லெண்ணத்தில் அதையும் நிறுத்திவிடாதீர்கள்.

என் தீர்ப்பு: இப்போதைக்குக் கட்டாதீர்கள். கனமான சாமானை மாதம் இரண்டு பெரிய ஆர்டராகப் போடுங்கள், அறுபது தன்னால் தாண்டும். சில்லறைச் சாமான் கீழ்க்கடையில். பெரிய ஆர்டர் போடுமுன் கடைக்குக் கடை விலையை ஒப்பிட்டுப் பார்க்கப் பயனீட்டாளர் சங்கம் 2019இல் கொண்டுவந்த 'பிரைஸ் காக்கி' செயலியில் அரிசி, எண்ணெய் விலையை ஒரு தடவை பாருங்கள் (காக்கி என்றால் இங்கே கூட்டாளி, போலீஸ் சட்டை இல்லை). எண்ணெய்க்கு ஒன்றரை வெள்ளி கூட வைத்துவிட்டு டெலிவரி இலவசம் என்றால் அது என்ன இலவசம்?

வீட்டில் கைக்குழந்தை இருந்தாலோ, மாமியாருக்கு முழங்கால் முடியாமல் போய் நீங்களும் இரவு எட்டுக்குத்தான் வீடு திரும்புகிறீர்கள் என்றாலோ இதே கேள்விக்கு யோசிக்காமல் கட்டுங்கள் என்றிருப்பேன். அப்போது 8 வெள்ளி ஒன்றுமே இல்லை. அப்படிக் கட்டினாலும் மாதச் சந்தாவாகக் கட்டுங்கள், வருடத்துக்கு மொத்தமாக வேண்டாம். 2015இல் இங்கே தொடங்கி ஓகோவென்று ஓடிய மளிகை டெலிவரிக் கம்பெனி ஆனஸ்ட்பீ 2019இல் பண நெருக்கடியில் மாட்டி அடுத்த வருடமே கலைக்கப்பட்டது ஞாபகம் இருக்கும். முன்பணம் கட்டியவர் கடன் கொடுத்தவர் மாதிரிதான், கம்பெனி மூழ்கினால் வரிசையில் பின்னால்தான் நிற்க வேண்டும்.

கேள்வி: அக்கா, ஈசூனில் ஒரே வீட்டில் நான்கு நண்பர்கள் வாடகைக்கு இருக்கிறோம். ஆளுக்கொரு சந்தா வைத்திருக்கிறோம். சரிதானா?
- ஈசூன் வாசகர்

பதில்: தம்பி, ஒரே அடுப்பு, ஒரே கதவு, நாலு சந்தாவா? மூன்றை இன்றைக்கே நிறுத்துங்கள். அரிசி, முட்டை, எண்ணெய் எல்லாம் ஒரே ஆர்டரில் போட்டால் நாலாவதுகூடத் தேவைப்படாது. காசை யார் கட்டுவது என்ற தகராறு வரும், முறை வைத்துக்கொள்ளுங்கள். பிரியாணி அரிசி வேண்டும் என்பவர் அதற்குத் தனியாகக் கொடுக்கட்டும்.

கேள்வி: முதல் மாதம் இலவசம் என்று அட்டை எண்ணைக் கொடுத்தேன். மறந்துபோனேன். இப்போது வருடச் சந்தா 96 வெள்ளி எடுத்துவிட்டார்கள். ஒரு ஆர்டர்கூடப் போடவில்லை. திரும்பக் கிடைக்குமா?
- உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: கேட்டால் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது, அதிலும் ஒரு தடவைகூடப் பயன்படுத்தவில்லை என்றால். முதலில் சந்தாவை நிறுத்துங்கள், "உறுதியா? நிச்சயமாகவா? சலுகை தருகிறோமே?" என்று மூன்று திரை வரும், மூன்றையும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். சேரும்போது வருடக் கட்டணம் என்று எங்கே, எவ்வளவு சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள் என்பதையும் படம் பிடியுங்கள். அப்புறம் தொலைபேசியில் கத்தாமல் எழுத்தில் கேளுங்கள். அவர்கள் கையை விரித்தால் படங்களோடு பயனீட்டாளர் சங்கத்துக்குப் போங்கள். உங்கள் அட்டை வங்கிக்கும் இன்றே சொல்லிவிடுங்கள், அடுத்த வாரம் என்று தள்ளிப்போடாதீர்கள், தள்ளிப்போட்டதில்தானே 96 வெள்ளி போனது.